சிரிக்க வைக்காதீர்கள், மச்சான்

நிவித்திகல,
09.06.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஷாமிளா எழுதுகிறேன். இங்கே மழைக்கும் மகளின் அழுகைக்கும் குறைவில்லை. போனில் பேசினால் சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயமே காது கொடுக்கிறது. அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் சதீஸ் அண்ணன் கையில் இந்தக் கடிதம்.

நீங்கள் போனில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் எதையும் நான் கேட்பதில்லை என்று கோபிக்காதீர்கள். அதில் நீங்கள் தோட்டத்துக் கங்காணி மாதிரி கத்திக் காட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிறுநீர் போய்விடுகிறது. பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படித்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது மழையும் இடுப்பில் கட்டிய தார்ப்பாய்ப் படங்கும்தான் என் மானத்தைக் காப்பாற்றுகின்றன.

கிளினிக் நர்ஸ் மிஸ் இதற்கு ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார். நானோ வயிற்றுத் துணியை இறுக்கிக் கட்டி, கொழுந்து மூட்டை தூக்குவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். இன்னும் மோசமானது. மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "இறுக்கிக் கட்டுனா பாரம் கீழதானே எறங்கும்? துணிய அவுரு புள்ள. மூச்சு உள்ள வர்றப்ப வயிறு தளரட்டும். வெளிய விடுறப்ப, ஒண்ணுக்க அடக்குற மாதிரி மேல இழு."

இப்போது மகள் தூங்கும்போது பக்கத்தில் படுத்துச் செய்கிறேன். மூச்சு வரும்போது பனிமூட்டம் மலையேறுகிற மாதிரி இருக்கிறது. விடும்போது கட்டில், கூரை எல்லாம் விலகி நான் மட்டும் மிதக்கிறேன். அப்படியே உங்களிடம் வந்துவிடலாம் போல.

குணமாகும்வரை சிரிக்க வைக்காதீர்கள்.

உங்கள்,
ஷாமிளா

தோஹா,
02.07.2024

என் ஷாமிளாவுக்கு,

அட கடவுளே, இதுக்கா! நீ என்னை வெறுத்துவிட்டாய் என்று சோறு இறங்காமல் கிடந்தேன். இனிப் பகிடி இல்லை, சத்தியம்.

இங்கு வெயில் உள்ளது. நான் நலமாக உள்ளேன். அறையில் மின்விசிறி ஒன்று உள்ளது. அதுவும் நலமாக உள்ளது. நேற்று பருப்பு. இன்றும் பருப்பு. நாளை பற்றித் தகவல் கிடைக்கவில்லை.

கீழ்ப்படிந்த கணவன்,
ஸ்ரீதரன்

நிவித்திகல,
21.07.2024

பாவி மனுசா,

கடிதத்தைக் கொழுந்து மலையில் வைத்தே பிரித்தேன். மின்விசிறியும் நலமா? அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து நிரை மல்லிகா அக்கா, "என்னாடி, பேய் புடிச்சிருச்சா?" என்றார்.

பயத்தில் மூச்சைப் பிடிக்கப் போனேன். ஆனால் பிடிக்காமல், மிஸ் சொன்னபடி மேலே இழுத்து மூச்சை வெளியே விட்டேன். விட விடச் சிரித்தேன். தேயிலைச் செடியெல்லாம் என்னோடு ஆடின மாதிரி இருந்தது.

அன்றைக்கு மழை இல்லை. செடிக்குப் பின்னால் போய்ப் படங்கை அவிழ்த்துப் பார்த்தேன். பாவாடை காய்ந்திருந்தது, மச்சான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கங்காணி மாதிரி கத்தி ஒரு வாய்ஸ் போடுங்கள். லயம் முழுக்கக் கேட்கட்டும்.

உங்கள்,
ஷாமிளா