நிற்காத எஞ்சின்

என் செல்லத்துக்கு,

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். பேச்சை மாற்றுகிறேன் என்று கோபிக்காதே. முதலில் புல்வெட்டும் டிராக்டர் கதையைக் கேள்.

கத்திகளைச் சாணை பிடிக்கக் கழற்றிய அதன் அடித்தட்டை நானே திரும்ப மாட்டினேன். தட்டின் மட்டம் பார்க்கும்போதெல்லாம் உன் அப்பா என்னை இருக்கையில் ஏற்றிவிடுவார். "ஆள் பாரம் இருந்தாத்தான்டி சரியான மட்டம் தெரியும்" என்பார். என் எடையைக் கிண்டல் செய்ய அது ஒரு சாக்கு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு யாரை ஏற்றுவது? காலி இருக்கையோடுதான் அளந்தேன். இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அப்பா சாய்ந்து உட்காரும் பக்கம். திருகி உயர்த்தினேன்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் எஞ்சின் தானாக நின்றுவிடும், உனக்குத் தெரியுமே. கீழே விட்ட ஸ்பேனரை எடுக்க இறங்கினேன். எஞ்சின் நிற்கவில்லை.

மெக்கானிக்கை அழைத்தேன். அவர் ஏறி இறங்கியதும் உடனே நின்றது. "சீட்டுக்கு அடியில இருக்கிற சுவிட்ச் நல்லாத்தாம்மா இருக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நான் ஏறி இறங்கினேன். ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டை விற்கலாம், நான் தடையில்லை. ஆனால் அந்த இருக்கையிலிருந்து உன் அப்பாவை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடி. நீயே வந்து சொல்.

உன் அம்மா