இரண்டாவது கையொப்பம்

மார்ச் 4
புதிய கம்பைலருக்கு மாறும் வேலை இன்று தொடங்கியது. நாங்கள் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியாக்குவது அதுதான். அதில் கோளாறு என்றால் எங்கள் இயங்குதளம் முழுக்கக் கோளாறு. மருத்துவமனைகளில் படுக்கையோரக் கருவிகள் இதில்தான் ஓடுகின்றன. அதனால் ஒரு கட்டுப்பாடு: இங்கே பிளோவ்டிவ் நகரில் நான், எல்லைக்கு அப்பால் நிஷ் நகரில் மியோத்ராக், ஒரே நிரலைத் தனித்தனியாகத் தொகுத்துப் பார்ப்போம். இரண்டும் அச்சாகப் பொருந்தி, இருவர் மின்கையொப்பமும் விழுந்தால்தான் வெளியீடு.

மார்ச் 7
பொருந்தியது. மியோத்ராக்கிடமிருந்து வழக்கம்போல ஒரு வார்த்தை இல்லை, கையொப்பம் மட்டும். இத்தனை வருடத்தில் நாங்கள் வேறு என்ன பேசியிருக்கிறோம்? கையொப்பம் வந்தால் மனிதர் சுகம். எனக்கு அது போதும்.

மார்ச் 12
மடத்தனம் செய்துவிட்டேன். பழைய கம்பைலரின் கோப்பு ஒன்று என் கணினியில் தங்கிவிட்டது, கவனிக்காமல் தொகுத்தேன். விடை தப்பாகத்தான் வர வேண்டும், வந்தது. மியோத்ராக்குடையதோடு பொருந்தக் கூடாது.

பொருந்தியது.

சோபியாவில் வெளியீட்டைக் கவனிக்கும் பென்ச்சோவிடம் சொன்னேன். "ஒரே தப்பை ரெண்டு பேரும் பண்ணியிருப்பீங்க, பழகின ஜோடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோப்பு என் கணினியில் மட்டும்தானே இருந்தது?

மார்ச் 13
நலமா என்று மியோத்ராக்குக்கு எழுதினேன். பதில் இல்லை. இன்றைய தொகுப்புக்கு அவர் கையொப்பம் மட்டும் வந்தது.

மார்ச் 15
வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். அவர் தங்கை ஸோரிட்ஸா எடுத்தாள்.

"அண்ணன் பிப்ரவரியிலேயே போயிட்டான். தூக்கத்துலயே. அவன் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினதே நான்தான். நீங்க யாரு?"

யாருன்னு சொல்ல? தொகுப்பு பொருந்துச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டிருந்தவ. செத்தவர் கையொப்பத்தைப் பார்த்துப் பார்த்து நல்லாயிருக்கார், நல்லாயிருக்கார்னு — ஐயோ. ஒரே ஒரு தடவை சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கலாம்.

மார்ச் 16
மியோத்ராக் கையொப்பம் போடும் ரகசியச் சாவியை யாரோ திருடிவிட்டார்கள் என்கிறார் பென்ச்சோ. ரத்து செய்தாயிற்று. இனி இரண்டாவது ஆள் பென்ச்சோதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொகுத்துப் பார்க்கும்வரை என் கையொப்பம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மருத்துவமனைகள் காத்திருக்கின்றன என்று முனகினார், பிறகு ஒப்புக்கொண்டார்.

திருடன், சரி. என் தப்பு அவனுக்கு எப்படித் தெரிந்தது?

மார்ச் 17
கணினியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நிஷ்ஷுக்குப் பேருந்து ஏறினேன். நாளை மியோத்ராக்கின் நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கு.

மார்ச் 18
கல்லறையில் காற்றுக்கு மெழுகுவத்தி நிற்கவே இல்லை. ஸோரிட்ஸா, சடங்குக்கென்று வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி கொடுத்தாள். இனிப்பாக இருந்தது. வாயில் அது இருக்கும்போதே பென்ச்சோவின் அழைப்பு. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"உன் கையொப்பம் காலையிலயே வந்துடுச்சு. என்னோடதோட அச்சாப் பொருந்திச்சு. வெளியிட்டாச்சு, ஆஸ்பத்திரிங்க கருவியில ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க."

நான் போடவில்லை, என் கணினியே அணைந்து கிடக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்று கத்தினேன். 

"அப்ப, இப்ப எங்கிட்ட பேசறது யாரு?"

நான்தான், ஸ்னெஷானா என்றேன். குரல் தெரியவில்லையா என்று கேட்டேன். அழுதேன்.

"கையொப்பம் போட்டு அனுப்பு, நிறுத்தறேன்" என்றார்.