புளி போட்டுத் தேய்த்த விமானச் சாமான்

சித்தூர்
9-10-1987

ஆண்டவருக்குள் பிரியமான மகன் இன்பசேகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நைனாவும் அவர் தயவில் நன்றாக இருக்கிறோம், குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்கக் காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதமாக இந்த வரியை உனக்குக் கவலை வேண்டாமென்று எழுதிவந்தேன், இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு முட்டாள்தனம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

லீவில் வந்த நர்ஸ் யூனிஸ் நீ கொடுத்தனுப்பிய, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் விமானத்தையும் அதோடு வந்த பித்தளைத் தகட்டையும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னச் சின்ன வேலை செய்தால் நைனாவுடைய இடது கைக்குத் தெம்பு வரும் என்று டாக்டர் சொன்னதை நினைவு வைத்து அனுப்பினாயே, நீ நன்றாக இருக்க வேண்டும். ஆனால் கையைவிட எனக்கு வேறொரு பயம் இருந்தது, அதை உனக்கு நான் எழுதவேயில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து நைனா என்னைத் திட்டவே இல்லை. முப்பது வருஷம் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து, வீட்டிலும் விசில் ஊதிக்கொண்டிருந்த மனுஷன் அவர். ஆகஸ்டில் ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்தேன். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, நல்லா கீது தபீதா, நீ போய் படு, என்றார். அன்றைக்குக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். மனுஷன் நம்மை விட்டுப் பாதி தூரம் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

விமானத்தை மட்டும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் இறக்கை ஒட்டினார். அந்தத் தகட்டைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பைலட் சீட்டுக்கு இடுப்பு வார், அதற்குக் கொக்கி, கால் மிதி, கைப்பிடி எல்லாம் எறும்புக் கால் அளவில் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. போன சனிக்கிழமை அறுப்பின் பண்டிகைக்காகக் கோயில் காணிக்கைத் தட்டுகளைத் தேய்க்க வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். நைனா குளிக்கப் போயிருந்தார். தகடு மங்கிக் கிடந்தது, பித்தளைதானே, மகன் அனுப்பியது பளிச்சென்று இருக்கட்டும் என்று அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். தண்ணீர் ஊற்றினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது! பதறிப்போய் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு சாக்கடையில் குந்தி வடிகட்டினேன், கொக்கி நான்கும் ஒரு கால் மிதியும்தான் கிடைத்தன.

நைனா துண்டோடு வந்து நின்று பார்த்தார். அவ்ளோதான் தம்பி, ஆரம்பித்தார் பார். இன்னாடி பண்ணிகீற, ஏரோப்ளேன் சாமான இன்னா காணிக்கைத் தட்டுன்னு நெனச்சிக்கினியா, பைலட்டு இன்னா பெல்ட்டு இல்லாம தொங்கிக்கினு போவானா, என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். கல்யாணமான புதிதில் நான் அவருடைய விசிலை வெந்நீரில் போட்டு வேகவைத்தது வரைக்கும் போய் எடுத்துவந்து திட்டினார். நான் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரிக்கிறேன், அதற்கும் தனியாகத் திட்டினார். அந்த நேரம் பார்த்து அவரோடு வேலை பார்த்த நாகபூஷணம் பாகாலாவிலிருந்து பார்க்க வந்தார், வாசலிலேயே நின்று, இன்னாம்மா, எங்க கார்டு சார் வந்துட்டாரா, என்று கேட்டார். வந்துட்டாருண்ணா என்றேன்.

பிறகு நைனா புதுப் பற்பசை டியூப்பை அறுத்து, பசையை டம்ளரில் வழித்து வைத்துவிட்டு (நாங்கள் இன்னும் டம்ளரில்தான் தொட்டுப் பல் விளக்குகிறோம்), அந்த டியூப்பின் மெல்லிய தகட்டில் வார் நறுக்க உட்கார்ந்தார். வலது கையில் பிளேடு. தகடு நகராமல் இடது கைதான் பிடிக்க வேண்டும். தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்காத விரல்கள் நடுங்கிக்கொண்டே பிடித்தன, ஏழு வார் கோணலாகப் போய் எட்டாவது சரியாக வந்தது. நான் வடிகட்டி எடுத்த கொக்கிகளை அதில் கோர்த்து ஒட்டிவிட்டார். இப்போது விமானத்தை யாருக்குக் காட்டினாலும் முதலில் என் கதையைச் சொல்லி மானத்தை வாங்குகிறார். இன்று காலை ரசத்தில் புளி தூக்கல் என்றார், மீதியை எந்த விமானத்துக்கு வைத்திருக்கிறாய் என்றும் கேட்டார்.

நீ ஈரத் தலையோடு வெளியே போகாதே, ரொட்டியே தின்றுகொண்டு காலத்தை ஓட்டாதே, சோறு பொங்கிச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், நல்ல மனசுள்ள பெண்ணையும் உனக்குக் காட்டுவார். நைனாவுக்கு எழுதும்போது, அம்மாவைத் திட்டாதீங்க என்று எழுதி வைக்காதே. மறக்காமல் இன்னொரு தகடு மட்டும் வாங்கி அனுப்பு, நான் புளி ஊறவைக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
தபீதாள் இயேசுதாசன்