மாமனார் பிரேக்கில் கால் வைத்த மாதம்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லை. மதியம் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து என் கண்ணை நானே மறுபடியும் சோதித்துக்கொண்டேன். கடைசி வரி வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. தெரிகிறதா, மனப்பாடமா? ஊராருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவளுக்கு இந்தச் சந்தேகம் வரக்கூடாது. ஆனால் வருகிறது.

சரி, கண் இல்லை. போன மாதம் ரத்தம் சோதித்துப் பார்த்தேன். ரத்தமும் இல்லை. சத்து மாத்திரை விழுங்கி விழுங்கி நாக்கில் துரு வாடை அடிப்பதுதான் மிச்சம். பின் ஏன் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்குவாரி மண்மேட்டில் பைக் ஓட்டும்போது எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள்? முன்பெல்லாம் அவர்கள் மூஞ்சியில் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகிறவள் நான்தானே?

வயசாகிவிட்டது. அவ்வளவுதான். எழுதியாச்சு.

29ஆம் தேதி பந்தயம் ஓடிவிட்டு வண்டியை விற்றுவிடப் போகிறேன். மாமனார் சந்தோஷப்படுவார்.

மார்ச் 5, வியாழன்

விற்கிற வண்டியை ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன். அவருக்குப் பட்டப்பெயர் பொறுமை. வார்த்தைக்கு வார்த்தை ‘பொறுமை, பொறுமை’ என்பார். அவர் பட்டறையில் கிடைக்காத ஒரே சாமான் அதுதான். இன்ஜினின் இடது பக்க மூடியைத் திறந்துவிட்டு ஃபோன் போட்டார்.

“அக்கா, இந்த வெயிட்ட யாரு போட்டது?”

“எந்த வெயிட்டு?”

போய்ப் பார்த்தேன். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் மேல் கனத்த இரும்பு வளையம் ஒன்று திருகியிருந்தது. கம்பெனி போட்டது இல்லை; தனியாக விற்பதை யாரோ வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அது இருந்தால் இன்ஜின் சட்டென்று நின்றுவிடாது, சட்டென்று சீறவும் சீறாது. நீ ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் நிதானமாக யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

நிதானமாக யோசித்துவிட்டுக் கிளம்புகிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

என் வீட்டுக்காரர், லிஃப்ட் பரிசோதகர். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். மறைக்கவே இல்லை, புண்ணியவான். போன வருஷம் நான் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டு வந்த பிறகு, நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போட்டாராம்.

“லிஃப்ட்லயும் எதிர் எடை இருக்கு. அது இருக்கறதாலதான் அத்தனை பேரும் பத்திரமா ஏறி இறங்கறாங்க” என்றார்.

“நான் என்ன லிஃப்டா?”

இத்தனை மாசமா எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சு அழுதிருக்கேன்! அந்தச் சத்து மாத்திரைய வாங்கிட்டு வந்து குடுத்ததே இந்த மனுஷன்தான்! தண்ணி வேற கொண்டாந்து குடுத்தாரு!

மார்ச் 7, சனி

வளையம் கழலவில்லை. அவர் அதைச் சும்மா திருகவில்லை. திருகாணிகள் கழன்றுவிடாமல் இருக்க ஒரு சொட்டு விடவேண்டிய சிவப்புப் பசையை ஒரு குப்பி முழுக்கக் கொட்டியிருக்கிறார். “கழட்டணும்னு நெனச்சுப் போடலியே” என்கிறார். நியாயம்தான்.

வழி ஒன்றுதான் என்றார் பொறுமை. வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவர் மேலே உட்கார்ந்து பின் பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஃப்ளைவீல் சுற்றாமல் நிற்கும். இன்னொருவர் வளையத்துக்குச் சூடான காற்று அடித்து, பசை இளகும்போது நீளமான ஸ்பேனர் சாவியைப் போட்டு இழுக்க வேண்டும். நெருப்பு வைக்கக்கூடாது, உள்ளே இருக்கும் காந்தம் செத்துவிடும். கொஞ்சம் சூடு, கொஞ்சம் இழுப்பு.

சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் தானே செய்து பார்த்தார். பிறகு சாவியைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, “அறுத்துரலாம்க்கா” என்றார். வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன், சாவியோடும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியோடும். திருப்ப வேண்டிய பக்கத்துக்குச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கூடத்தில், சன்னலோரம், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அதன்மேல் நிறுத்தியிருக்கிறேன். பிரேக் பிடிக்க ஆள்? வீட்டுக்காரரைக் கேட்பதாக இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நான் இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து என்னோடு நேராகப் பேசமாட்டார். கூடத்தில் நிற்கும் ஃப்ரிட்ஜிடம் சொல்வார். “காபி ஆறிப்போச்சுன்னு சொல்லு” என்பார், ஃப்ரிட்ஜைப் பார்த்து. அதுவும் உம் கொட்டும்.

இன்று நான் சாவியோடு மல்லுக்கட்டுவதைச் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து ஃப்ரிட்ஜிடம் போனார்.

“பிரேக்குன்னா என்னன்னு தெரியாதவங்கள வச்சுக்கிட்டு இந்த வேலை செய்ய முடியாதுன்னு சொல்லு.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பழக்கம்.

அவர் கால் வலது பக்கம் பிரேக்கில். நான் இடது பக்கம் தரையில். சூடு காட்டி, சாவியைப் போட்டு இழுத்தேன். அசைந்தது! கொஞ்சம்தான், ஆனால் அசைந்தது! இன்றைக்குப் போதும் என்று நிறுத்திவிட்டேன். முதல் நாளே இவ்வளவு கிடைத்ததே பெரிசு.

மார்ச் 10, செவ்வாய்

அசைந்தது. போதும் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

கருகல் வாடை வருகிறது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் புகார் சொல்ல வந்தார். கதவைத் திறந்தால் கூடத்தின் நடுவே மாமனார் வண்டிமேல். இப்போதெல்லாம் தலை வாரி, சட்டை மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்.

“படியில நிக்காதீங்க, உள்ள வாங்க” என்றார் மாமனார்.

செயலாளர் உள்ளே வந்துவிட்டார். வீட்டுக்குள் வாகனம் நிறுத்தக்கூடாது என்று விதி இருக்கிறதாம்.

“நிறுத்தலியே. ஓட்டிட்டுல்ல இருக்கேன்?”

அதற்கு விதி இல்லை போலிருக்கிறது. மனுஷன் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, நானும் ஒரு தடவை உட்காரலாமா என்று கேட்டார். மாமனார், டூட்டியில் இருக்கும்போது கூடாது என்று சொல்லிவிட்டார். போகும்போது, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போகிறார் புகார் கொடுக்க வந்தவர்.

இன்றும் அசைந்தது.

மார்ச் 14, சனி

வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து ஒரு ஸ்டிக்கர் கொண்டுவந்து பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருக்கிறார். ‘ஒருவருக்கு மேல் ஏறக்கூடாது.’ சமாதானம் பேசுகிறாராம்.

கிழித்துப் போடவில்லை. ஆனால் பேசவும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நானும் ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிடுகிறேன். அதற்கு இப்போது ரெட்டை வேலை.

மார்ச் 17, செவ்வாய்

பார்வையாளர்கள் ஐந்து பேர். மேல்மாடிக்காரர் தன் நாற்காலியையே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். மாமனார் ஒரு காலத்தில் பாலத்தின் நடுவே ஒரு பஸ்ஸை எப்படி நிறுத்தினார் என்பதை, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே, கையாலும் புருவத்தாலும் நடித்துக் காட்டினார். கைதட்டினார்கள்.

கொஞ்சம் அசைந்தது. இத்தனை தடவை அசைந்த வளையம் இந்நேரம் தானாக இறங்கி நடந்து போயிருக்க வேண்டுமே?

மார்ச் 19, வியாழன்

காலையில் பால் எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கிறது. கதவுக்குப் பின்னால் பார்த்தேன். வண்டியின் பின் டயர் இடிக்கிறது.

வண்டி சன்னலோரம் அல்லவா இருந்தது?

அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பெருக்கும்போது நகர்ந்திருக்கும் என்று நானே அட்டையை அவ்வப்போது பின்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். பெருக்கி எந்த வண்டியாவது கூடத்தைக் கடக்குமா? அசைந்தது வளையம் இல்லை. வண்டி. நான் இழுக்கும்போதெல்லாம் பிரேக் மெல்ல இளகி, ஃப்ளைவீல் சுற்றி, வண்டி ஒரு சாண் பின்னால் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ‘அசைந்தது’ என்று இங்கே எழுதி வைத்திருக்கிறேன், மடச்சி.

சாயங்காலம் மாமனார் வழக்கம்போலச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“மாமா, பிரேக்க விடறீங்களா?”

ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அது இப்போது ரொம்பப் பக்கத்தில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நேராக.

“ஆமாம்மா. விடறேன்.”

“ஏன் மாமா?”

“நாலு பேரு வர்றாங்க, பாக்கறாங்க. கழட்டிட்டா யாரு வருவா? மறுபடி அந்தச் சோபாதானே?”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. பந்தயம் பக்கத்தில் வந்துவிட்டது, உங்களுக்கு விளையாட்டா என்று கத்திவிட்டேன். அவர் பதறவில்லை.

“நான் விட்டேன், சரி. நீ என்ன பண்ண? லேசா அசைஞ்சா போதும், ‘இன்னிக்குப் போதும் மாமா’ன்னு எந்திரிச்சுடற. கழட்டணும்னு நெனைக்கறவ அசைஞ்ச உடனே இன்னும் ரெண்டு இழுப்பு இழுப்பா. நீ ஒரு நாளாவது இழுத்தியா?”

சாவியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ராத்திரி

இழுக்கவில்லை. உண்மைதான். ஏன்?

எழுது. யார் பார்க்கப் போகிறார்கள்.

கழட்டினதுக்கு அப்புறமும் மெதுவாத்தான் போனேன்னா? அப்போ யார் மேல பழி போடறது? அந்த இரும்பு உள்ள இருக்கற வரைக்கும் நான் இன்னும் பழைய ஆள். வெளிய எடுத்துட்டா தெரிஞ்சுபோயிடும். பயமா இருக்கு. கடைசி வரி தெரியலன்னு சொல்றதுக்குப் பயந்து கண்ண மூடிக்கறவங்கள தினமும் பாக்கறேன், நானும் அதேதான்.

மார்ச் 20, வெள்ளி

வண்டியைச் சன்னலோரம் தள்ளி வைத்தோம். நாற்காலியோடு வந்த மேல்மாடிக்காரரிடம், “இன்னிக்கு பஸ் நிக்காது” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் மாமனார்.

நிறையச் சூடு காட்டினேன்.

“புடிச்சாச்சு!” என்றார். அவர் பிடித்தால் பிடித்ததுதான் என்று இன்றுதான் தெரிந்தது. ஒரு மலையில் சாவியை மாட்டி இழுத்த மாதிரி இருந்தது. இரண்டு காலையும் சுவரில் ஊன்றி இழுத்தேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தலாமா என்று வந்தது. நிறுத்தவில்லை. டக்கென்று ஒரு சத்தம், நான் மல்லாக்க விழுந்தேன். வளையம் விட்டுக்கொடுத்துவிட்டது. பாக்கியைக் கையாலேயே திருகி எடுத்தேன்.

மாமனார் இறங்கிப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். ஒரு மாதிரி இருந்தது. “மாமா, பந்தயத்துக்கு நீங்களும் வர்றீங்க” என்றேன். சட்டையைக் கழற்றவில்லை அவர், தூங்கப் போகிற வரைக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

கொடி அசைவதற்கு முன்னால், கிளம்புகிற இடத்திலேயே இன்ஜின் இரண்டு தடவை நின்றுவிட்டது. வளையம் இல்லாததால் இப்போது முறுக்குகிற கை சும்மா தூங்க முடியாது. பிறகு பாய்ந்தது பாருங்கள்! முதல் மேட்டில் நான்தான் முன்னால். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஏறினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமனார் என்னைவிடச் சத்தமாக, “ரைட்! ரைட்! போலாம்!”

அப்புறம் அந்த வளைவு. போன வருஷம் விழுந்த வளைவு. அது வருவதற்கு வெகு முன்னாலேயே என் வலது கை தானாக ஆக்சிலேட்டரை மூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை. எந்த இரும்பும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம், அதே கை. கடைசிக்கு முந்தினவளாக வந்து சேர்ந்தேன்.

கண் இல்லை, ரத்தம் இல்லை, வயசும் இல்லை. பயம். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் வரவில்லை. ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டதாம். ஒவ்வொரு பந்தயத்தன்றும் எங்காவது ஒன்று மாட்டிக்கொள்ளும். ராத்திரி சமையலறையில் நின்றுகொண்டே கேட்டார்.

“வேகமா இருந்துச்சா?”

“வண்டி வேகமா இருந்துச்சு. நான் இல்ல. அந்த வளைவு வந்தா பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான். நீ கெளம்பினாலே.”

“நீங்க உங்க பயத்த என் இன்ஜின்ல மாட்டிட்டீங்க. நான் என்னுத எங்க மாட்டறது?”

எவ்வளவோ நாள் கழித்து அவரைப் பார்த்துப் பேசினேன். அவர் ஏற்கனவே கழுவிய தட்டை எடுத்து மறுபடியும் கழுவினார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

குவாரிக்குப் பழகப் போனேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, வேலிக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாமனார் அவருக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி விற்பனைக்கு என்று கடையில் ஒட்டியிருந்த சீட்டை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று அந்த வளைவில் ஆக்சிலேட்டரை மூடவில்லை.

விழுந்தேன். நன்றாகவே விழுந்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வாயெல்லாம் மண். கையையும் காலையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் என்னுடையதாகவே இருந்தன. சிரிப்பு வந்துவிட்டது. படுத்துக்கொண்டே சிரித்தேன்.

வேலியைத் தாண்டி முதலில் ஓடி வந்தது அவர்தான். இந்தத் தடவை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கவில்லை என்று அவர் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“பாக்க முடியல. ஆனா பாத்தேன்” என்றார்.

ராத்திரி தோளுக்கு மருந்து தடவிவிட்டார். வண்டியை விட்டுவிடு என்று சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் தடவினார். கடைசியில் கேட்டார்.

“அடுத்த தடவ அந்த வளைவுல எவ்ளோ வேகத்துல போகலாம்னு இருக்க?”

“இன்னிக்குப் போனத விட கொஞ்சம் கூட” என்றேன்.

முகம் வெளுத்துப் போனது. ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.