எலியின் எலும்பில் தங்கியது

என் செல்லத் தம்பி தாமு,

நீ போன பிறகு நான் நம் ஊர் நகரியில் தங்கவில்லை. நம் தெருக்காரர்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனதுபோல நானும் ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் வேலை. என்ன வேலை தெரியுமா? ரத்தத்தை ஊறவைக்கும் மனித ஸ்டெம் செல்களை எலிக்குள் செலுத்திவிட்டு, அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பது.

சத்தியவேட்டுப் பக்கம் உனக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்த வருஷம்தான் உன் உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் வந்தன. திருப்பதி ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்து, மஜ்ஜை வற்றிவிட்டது, ரத்தம் ஊறவில்லை என்றார்கள். என் மஜ்ஜை உனக்குப் பொருந்தியது. அதைக் கேட்டு நைனா வார்டு வாசலிலேயே அழுதார்.

சென்னையில் என் மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை உனக்கு ஏற்றினார்கள். தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறவே இல்லை. கடைசியில் நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய்: "வுடுக்கா. நீ குட்த்துட்ட. என் எலும்புதான் வாங்கிக்க மாட்டேங்குது."

இங்கே, எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு, யாரென்றே தெரியாத ஒருவரின் செல்களை வால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறோம். அவை எப்படியோ வழி கண்டு எலும்புக்குள் போய்விடுகின்றன. அங்கே எலியின் மஜ்ஜைத் திசு அவற்றுக்கு இடம் கொடுக்கிறது, தங்கவும் பெருகவும் தூண்டுகிறது. சில மாதங்களில் எலியின் ரத்தத்தில் மனித அணுக்கள் ஓடுகின்றன. முதல்முறை அதைப் பார்த்தபோது கூட இருந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எலியின் எலும்பு ஏற்றுக்கொண்டதை, ஒரே வயிற்றில் பிறந்த உன் எலும்பு ஏன் ஏற்கவில்லை?

அம்மாவிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். போனிலேயே கேட்டாள்: "எலிக்கு ஒட்டிக்கினு இருக்குது. எம் புள்ளைக்கு ஏம்மா ஒட்டல?"

உன் உடம்பின் எதிர்ப்பு, பழுதான மஜ்ஜை என்று ஏதேதோ சொன்னேன். கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம், சீக்கிரம் தெரிந்துவிடும் என்றேன். நம்பிவிட்டாள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தெரிந்ததா என்று கேட்கிறாள். எப்படித் தெரியும், தாமு? உன்னிடமிருந்து எடுத்த ரத்தத்திலும் மஜ்ஜையிலும் ஒரு துளிகூட எங்கும் மிச்சமில்லை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

இந்த முறை ஊருக்கு வரும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இது ஒருநாளும் தெரியப்போவதில்லை என்று என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்ன ஆவாளோ. நான் கூட இருப்பேன். அது மட்டும்தான் உனக்கு என்னால் தர முடிந்த வாக்கு.

உன் கூடப் பிறந்த,
அக்கா