நாலாவது வார்டின் முறை

12.11.1986

அன்பு நண்பன் தீர்த்தகிரிக்கு அப்துல் ஷுக்கூர் எழுதுவது. நானும் ஜான் பீயும் குழந்தை ஹாஜிராவும் சுகமாக இருக்கிறோம். கடற்கரை ஊர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா, மீன் குழம்பு தின்னப் பழகிவிட்டாயா என்று எழுது.

நம் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டதடா. நேற்றுதான் அடிபம்பு மாட்டினார்கள். முதல் தண்ணீர் பொங்கி வந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மாள் அக்கா பம்புக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். கையோடு தன் மகள் நஞ்சம்மாளை உனக்கே கட்டி வைப்பதாகவும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கொடுத்து வைத்தவன் நீ.

உங்கள் முனிசிபாலிட்டியில் இருபது கோரிக்கை அனுப்பினால் ஐந்தாறாவது நடக்கும் என்று எழுதியிருந்தாய். நம் டவுன் பஞ்சாயத்துக்கு அந்த யோகம் இல்லை. வருஷத்துக்கு ஒரு பட்டியல்; அதில் முதலில் இருக்கும் வேலைக்குத்தான் சர்க்கார் பணம் தரும். ஒன்பது வார்டு உறுப்பினர்களும் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டோம். ஏழாவது வார்டு குப்புராஜ் பள்ளிக்கூடக் கூரையை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று நின்றான். அப்போது நீ குமாஸ்தா மூளையோடு எழுதிக் கொடுத்த தீர்மானம்தான் என்னைக் காப்பாற்றியது. முதலிடம் வாங்கின வார்டு, மற்ற எட்டு வார்டுக்கும் ஒவ்வொரு வேலை முடிகிறவரை பட்டியலில் ஏறக் கூடாது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டாலொழிய இதை மாற்றக் கூடாது. அதைக் கேட்டதும் எல்லோரும் அடங்கி, நம் நாலாவது வார்டுக்கு முதலிடம் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

வெறும் கையெழுத்தை நம்ப மாட்டேன் என்றான் குப்புராஜ். சரியென்று மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, முதல் ஆளாக நானே கையை வைத்துச் சத்தியம் செய்தேன். ஜமாத்தில் பெரியவர் ஒருவர் இதற்காக என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். தண்ணீருக்காகச் செய்தேன், அல்லா மன்னிப்பான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சைக்கிள் கடையை விட்டுவிட்டு ஊர் வேலை பார்க்கிறேன் என்று ஜான் பீ திட்டுகிறாள். ஆனால் தெருவில் முதல் குடம் பிடித்தவள் அவள்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் எழுது.

இப்படிக்கு,
உன் பள்ளித் தோழன்
அப்துல் ஷுக்கூர்

3.3.1989

அன்பு தீர்த்தகிரிக்கு,

நஞ்சம்மாள் முழுகாமல் இருக்கிறாள் என்று உன் கடிதம் பார்த்து எங்கள் வீட்டில் சர்க்கரை கொடுத்தோம். உன் மாமியார் பெரியம்மாள் அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வந்துவிடுவாராம். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தானே.

இங்கே சங்கதி நன்றாக இல்லை. நம் தெருப் பிள்ளைகளுக்குப் பல்லில் காவி நிறத்தில் கறை விழுகிறது. முதலில் பல் தேய்க்காத பிள்ளைகள் என்று தாய்மார்களைத் திட்டினோம். நானும் ஹாஜிராவைத் திட்டினேன். சாம்பல், உப்பு, கரித்தூள் எல்லாம் போட்டு ஈறில் ரத்தம் வருகிற வரைக்கும் தேய்த்தாள். கறை போகவில்லை.

பிறகு அவள் நடை மாறியது. இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று உரசுகின்றன; பாதம் வெளிப்பக்கம் போகிறது. பள்ளிக்கூடம் போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். மருந்து எழுதும் முன்பே, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

தண்ணீரைச் சோதிக்க எழுதிப் போட்டேன்; ஒரு ஆள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். போன வாரம் காகிதம் வந்தது. ஃபுளோரைடு என்று, பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஒரு உப்பாம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் இருக்கலாம், நம் பம்பில் ஐந்துக்கு மேல். பாறைக்குள்ளிருந்து வருகிறதாம், யார் மேலும் தப்பில்லையாம். காகிதம் கொண்டு வந்த ஆளிடம், நாங்கள் காய்ச்சித்தான் கொடுக்கிறோம் என்று ஜான் பீ சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் இன்னும் கெடுதல் என்றார். ஹாஜிராவுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறதென்று இரண்டு வருஷத்துக்கு மேலாகச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தவள் அவள். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை.

ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அதே காகிதத்தில் போட்டிருக்கிறது. அதை ஆழப்படுத்தி அங்கிருந்து ஒரு குழாய், நம் தெருவில் ஒரு தொட்டி, அவ்வளவுதான் வேண்டும். அடுத்த மாதம் பட்டியல் கூட்டம். எப்படியும் முதலிடம் வாங்கிவிடுவேன். நீ கவலைப்படாதே, நஞ்சம்மாளிடம் இதெல்லாம் சொல்லாதே.

அன்புடன்,
ஷுக்கூர்

28.4.1989

தீர்த்தகிரி,

நலம் விசாரித்து எழுத மனசு வரவில்லை, பொறுத்துக்கொள்.

கூட்டம் முடிந்தது. காகிதத்தைப் படித்துக் காட்டினேன். ஹாஜிராவையும் கூட்டிக்கொண்டு போய், எல்லோர் முன்பும் வாசலிலிருந்து மேஜை வரை நடக்கச் சொன்னேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. பாதி வழியில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

தலைவர் மாதப்பன் நல்ல மனிதர்தான். பழைய நோட்டை எடுத்துவரச் சொல்லி நம் தீர்மானத்தைப் படித்தார். உன் வாசகம், என் கையெழுத்து. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று தீர்மானத்தில் இருக்கிறதே, போடுங்கள் என்று முதல் கையெழுத்தை அவரே போட்டார். நோட்டு சுற்றி வந்தது. எட்டுக் கையெழுத்து விழுந்தது.

குப்புராஜ் பேனாவைத் தொடவில்லை. கோபமாகவும் இல்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னான்:

"கற்பூரத்து மேல மொதல்ல கை வெச்சது நீங்கதானுங்களே. அதை நம்பி மூணு வருசம் வாயத் தொறக்காம இருந்தேன். இந்த வருசம் எங்க மொறை. போன மழையில கூரை வுழுந்து ரெண்டு புள்ளைங்க மண்டை ஒடஞ்சுதுங்க. அந்தப் புள்ளைங்க ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் ஹாஜிராவை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நம் வார்டின் முறை வர இன்னும் ஆறு வருஷம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வளைந்த எலும்பு தானாக நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் கடையிலிருந்து ஸ்பேனர் எடுத்துப் போய், பம்பின் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். இனி இந்தத் தெருவில் யாரும் அதைக் குடிக்க வேண்டாம் என்றேன். ஏரிக்கரைக் கிணறு ஒன்றரை மைல். இரண்டு நாள் பெண்கள் நடந்தார்கள். இந்தச் சித்திரை வெயிலில் அங்கேயும் நாலு குடத்துக்கு மேல் ஊறவில்லை. அதற்கும் அந்தப் பக்கத்து வார்டுக்காரர்களோடு சண்டை. மூன்றாம் நாள் பெரியம்மாள் அக்கா தலைமையில் இருபது பேர் என் வாசலில் நின்றார்கள்.

"பல்லு போனா போவட்டும் பாய், காலு வளைஞ்சா வளையட்டும். தண்ணி இல்லாம உசுரே போவுதுங்களே. அதை மாட்டிக் குடுங்க" என்றார் அக்கா. அவர் கையில் வெறுங்குடம். இரண்டரை வருஷத்துக்கு முன் அதே பம்புக்குப் பொட்டு வைத்த கை.

நான் எழுந்திருக்கவில்லை. ஜான் பீதான் உள்ளே போய்க் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். வீட்டில் அன்றைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணீர் இல்லை என்று எனக்கும் தெரியும். போய் மாட்டினேன். நாலு போல்ட்டையும் என் கையாலேயே முறுக்கினேன். பம்பு நன்றாக ஓடுகிறது. பழுது பார்க்கிறவன் நான்தானே, என்றைக்கு ஓடாமல் இருந்தது?

குப்புராஜின் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வரும். நம் தெருப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள், ஹாஜிரா உட்பட. வயிற்றெரிச்சலில் இதைச் சொல்லவில்லை. அவள் நனையாமல் இருந்து படிப்பாள், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

இனி, இந்தக் கடிதம் எழுதின காரியம். வருகிற வெள்ளிக்கிழமை பெரியம்மாள் அக்கா வளையலும் புடவையும் எடுத்துக்கொண்டு நஞ்சம்மாளை அழைத்துவர உன் ஊருக்குப் பஸ் ஏறுகிறார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் பம்புத் தண்ணீர் ஆகாது என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பெண்ணுக்கு மட்டும் ஏரிக்கரைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிடுவாராம். வீட்டில் ஒரு குடம் அதற்கென்று தனியாகக் கழுவி வைத்திருக்கிறார். அவரால் அது நாலு நாள் முடியும், ஐந்தாம் நாள் முடியாது. எனக்கே முடியவில்லை.

வளைகாப்பை அங்கேயே நடத்து. அழைத்துப் போக விடாதே. மாமியார் அழுவார், கோபித்துக்கொள்வார், தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பாதவன் என்று நம்மூரே உன்னைத் தூற்றும். பழியை என் மேல் போடு. ஷுக்கூர்தான் தடுத்தான், அவன் நாசமாகப் போக என்று சொல். அக்காவை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனபோது, பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் இந்தத் தெருவுக்குத் திரும்பி வருகிற மாதிரி செய்வேன் என்று சொன்னேன். நீயும் கூட நடந்து வந்தாய், நினைவிருக்கும். அதே வாயால்தான் இப்போது உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன். உன் குழந்தைக்கு எல்லாப் பல்லும் வெள்ளையாக முளைக்கட்டும், காலை நேராக ஊன்றி ஓடட்டும். ஓடி வருகிற வயது வந்தாலும், நான் எழுதுகிறவரைக்கும் இந்தப் பக்கம் கூட்டி வராதே.

நாலாவது வார்டு உறுப்பினர்,
அப்துல் ஷுக்கூர்