மேஜையின் அந்தப் பக்கம்

கீழ் வீடு
ஜனவரி 6

மாடி வீட்டுப் பெண்ணுக்கு,

நீங்கள் இருவரும் நலமா என்று நான் கேட்கத் தேவையில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு என் தலைக்கு மேல் பந்து விழும் சத்தத்திலேயே உங்கள் நலம் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு படியில் கடிதம் வைக்கிறாளே இந்தக் கிழவி என்று நீ சிரிக்கலாம். வாயால் பேசினால் என் வார்த்தை தடித்துவிடும். எழுதினால் அடித்துத் திருத்தலாம். மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்ததில் இன்றும் எனக்குப் பயன்படுவது இது ஒன்றுதான்.

முதலில் நீ கேட்ட சான்று. உன் கணவர் இந்த நாட்டுக்கு வந்து உங்களோடு சேர்வதற்காகக் குடியேற்ற அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது. இத்துடன் இருக்கிறது. 'ஓர் அறை, ஒரு சமையலறை; இரண்டு பேருக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளது' என்று எழுதியிருக்கிறேன். பூட்டியிருக்கும் பக்கத்து அறையையும் சேர்த்து எழுதச் சொன்னாய். அதில் என் கணவரின் பொருள்கள் இருக்கின்றன. அது வாடகைக்கு விட்டதல்ல. இல்லாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

இரண்டாவது, உன் மகள். சனிக்கிழமைகளில் நீ மருந்துக் கடைக்குப் போனபின் ஏழு வயதுக் குழந்தை தனியாக இருப்பது சரியல்ல. என் முன்னறைக்குத் தெருக் குழந்தைகள் நான்கு பேர் வருகிறார்கள். ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதைக் கையாலேயே செய்து கற்கிறோம். பாடப் புத்தகம் கிடையாது. மாவில் நிலப்படம், அட்டையில் தெரு, துணியில் கொடி. இந்த முறை உன் கணவரின் நாடு. அவளையும் அனுப்பு. நகம் வெட்டியிருக்க வேண்டும். கைக்குட்டை வேண்டும். பத்து மணி என்றால் பத்து மணி.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்


மாடி
ஜனவரி 7

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். சான்று கிடைத்தது. நீங்கள் எழுதியபடியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பார்க்கலாம்.

என் மகள் பட்டாணியிடம் சொன்னதும் அவள் குதித்த குதி உங்களுக்கே கேட்டிருக்கும், மன்னியுங்கள். "எங்கப்பா ஊரா? அப்ப நான்தான் எல்லாருக்கும் சொல்லித் தருவேன்" என்கிறாள். உங்களிடம் அப்படிச் சொல்லிவிடாதே என்று மிரட்டி வைத்திருக்கிறேன். நகம் வெட்டியாகிவிட்டது. கைக்குட்டைதான் வீட்டில் இல்லை. என் பழைய தாவணியில் ஒரு துண்டு கிழித்து ஓரம் தைத்திருக்கிறேன். கைக்குட்டை மாதிரியே இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று தெரிந்ததால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அவள் அப்பா அங்கே டிராம் ஓட்டுகிறார். இங்கே வந்து எந்த வேலை கிடைத்தாலும் செய்கிறேன் என்கிறார். அவள் தினமும் ராத்திரி கதவுக்குப் பக்கத்தில் தன் செருப்பைத் தள்ளி வைத்து, "இந்த இடம் அப்பாவோட பூட்ஸுக்கு" என்று காலியாக விட்டு வைக்கிறாள்.

உங்களுக்கு மிகவும் நன்றி.

அன்புடன்,
மாடி வீட்டுப் பெண்


கீழ் வீடு
பிப்ரவரி 10

மாடி வீட்டுப் பெண்ணுக்கு,

உன் மகளைப் பற்றி அறிக்கை தர வேண்டியது என் கடமை. (அவளைக் காய்கறிப் பெயரால் அழைக்க எனக்கு வரவில்லை.)

கெட்டிக்காரி. கை சுத்தம். ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்வதில்லை. பஞ்சும் சோப்புத் துகளும் தூவிப் பனி செய்தோம். நன்றாகவே வந்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "பனி இப்படி வாசனையா இருக்காது" என்றாள்.

"பின்னே எப்படி இருக்குமாம்?"

"மூக்கு வலிக்கும். அவ்வளவுதான்."

அட்டையில் டிராம் செய்தபோது ஓட்டுநர் பொம்மையை உள்ளே உட்கார வைத்தேன். "எங்கப்பா நின்னுக்கிட்டுதான் ஓட்டுவாரு" என்றாள். என் கலைக்களஞ்சியத்தில் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தை எடுத்துக் காட்டினேன். நான் அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் பொம்மையின் காலை நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டாள். நானும் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். இதை அவளிடம் சொல்லாதே.

உப்பு மாவில் செய்த நிலப்படத்தின் வடக்கு எல்லையைத் தையல்காரர் மகன் தின்றுவிட்டான். "உப்பா இருக்கு ஆபீசரம்மா" என்று புகார் வேறு. என்னை இப்போது எல்லாரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். என் கணவர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். அவருடைய தொப்பியை எடுத்து வைத்திருக்கிறேன், அதனால் வந்த பெயர். வரும் சனிக்கிழமை அந்த நாட்டுக்கு விளையாட்டுப் பயணம். குழந்தைகள் பாஸ்போர்ட் செய்துகொண்டு வர வேண்டும். முன்னறை வாசலில் மேஜை போட்டு, தொப்பியும் முத்திரையுமாக நான் உட்காருவேன். அவர் காலத்தில் மேஜைக்கு எதிரே எப்போதும் ஒரு நாற்காலி போட்டிருப்பார். வருகிறவர்களை உட்கார வைத்துப் பாதி நாள் அரட்டை. என்னிடம் அதெல்லாம் கிடையாது. நின்றால்தான் வரிசை நகரும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்


கீழ் வீடு
மார்ச் 3

மாடி வீட்டுப் பெண்ணுக்கு,

உன் மகள் இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை. காரணம் கேட்டு எழுதுகிறேன்.

நடந்ததை அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது. நான் உள்ளபடி சொல்கிறேன். மூன்று தாள்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பாஸ்போர்ட், பயணச் சீட்டு, எங்கே தங்கப் போகிறோம் என்பதற்கு ஒரு சான்று. எல்லாரும் கொண்டுவந்தார்கள். தையல்காரர் மகன்கூட அவன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்தான். உன் மகள் மூன்றாவது தாளாக ஒரு படத்தை நீட்டினாள். ஒரு ஜன்னல், அதில் ஒரு செடி.

"இது என்ன?"

"எங்கப்பா வீடு."

"முகவரி இல்லை. கையெழுத்து இல்லை. படம் செல்லாது."

"அப்பா உள்ளதான் இருக்காரு. வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

"சான்று இல்லாதவர் உள்ளே போக முடியாது. அடுத்தவர் வரலாம்" என்றேன். பாஸ்போர்ட்டை விதிப்படி வாங்கி இழுப்பறையில் வைத்தேன். உண்மையான மேஜைகளில் இப்படித்தான் நடக்கும். விளையாட்டு என்பதற்காகச் சலுகை காட்டினால் குழந்தைகள் எதைக் கற்பார்கள்? அவள் அழவில்லை. பயணச் சீட்டை மேஜைமேல் நேராக வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். உள்ளே போனவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் அவள் பங்கு இன்னும் டப்பாவில் இருக்கிறது.

தோற்றுப் பழகாத குழந்தை பின்னால் கஷ்டப்படும். சொல்லாமல் போனதற்கு அவள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும், நான் மறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்


மாடி
மார்ச் 5

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

அவள் எழுத மாட்டாள். நான் எழுதுகிறேன்.

நீங்கள் மேஜை போட்ட சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அவருக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். தங்குமிடம் மூன்று பேருக்குப் போதாது என்பதே காரணம். வேறு எதுவும் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் எழுதிய சான்றில் பொய் ஒன்றுமில்லை. யாரிடம் போய் என்ன கேட்பது? சனிக்கிழமை அவளைப் பார்த்துக்கொள்ளவும் உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு அனுப்பினேன். ஆனால் நான் அந்தப் பதிலை அவருக்குப் போனில் படித்துக் காட்டியபோது அவள் தூங்கவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு நான் கடையிலிருந்து வந்தபோது படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, அப்பா போய் நின்னப்பவும் அவங்கதான் அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும் அம்மா? ஒரே ஒரு சொல். எனக்கு அது வரவில்லை.

மாடி வீட்டுப் பெண்


கீழ் வீடு
மார்ச் 9

அன்புள்ள பெண்ணுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கேயாவது பிழை இருக்கும், பிடித்துவிடலாம் என்றுதான் படித்தேன். கிடைக்கவில்லை.

நேற்று உன் பக்கத்து அறையின் பூட்டைத் திறந்தது உனக்குக் கேட்டிருக்கும். பூட்டு துருப்பிடித்துவிட்டது, தச்சரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. என் கணவரின் பெட்டிகளைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். அவ்வளவு பெரிய அறையில் இருந்தவை இரண்டு பெட்டி, ஒரு குடை, சட்டைகள். அதை நான் பதினோரு வருடமாகப் பூட்டி வைத்திருந்தேன். "இதுக்கா இவ்வளவு பெரிய பூட்டு?" என்று தச்சர் கேட்டார். நியாயமான கேள்வி.

புதிய சான்று இத்துடன் இருக்கிறது. 'இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குடும்பத்துக்கு.' இப்போது இது உண்மை. அன்று நீ கேட்டபோதே பூட்டைத் திறந்திருந்தால் அன்றும் இது உண்மையாக இருந்திருக்கும். இருப்பதை எழுதுகிறேன் என்று பெருமைப்பட்டேனே தவிர, அதை அப்படி வைத்திருந்தவளே நான்தான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

பட்டாணியைக் கீழே அனுப்பு. பாஸ்போர்ட்டில் முத்திரை வைத்துத் தருகிறேன். தொப்பியைப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்று சொல்.

இப்படிக்கு,
கீழ் வீட்டு அம்மா


மாடி
மார்ச் 20

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

அறை நன்றாக இருக்கிறது. காலையில் நல்ல வெயில் வருகிறது. பட்டாணி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அப்பா பூட்ஸ இங்க வைக்கலாம்" என்றாள். அப்புறம் அவளே, "ம்ஹூம், வேணாம்" என்று வெளியே வந்துவிட்டாள்.

புதிய சான்றை எடுத்துக்கொண்டு போனேன். ஒருமுறை மறுத்தால் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியுமாம். அந்த மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். ஒரு வருடம் என்றால் அவளுக்கு எட்டு வயது ஆகிவிடும். அதனால் நாங்களே அவரிடம் போகிறோம். மாதக் கடைசியில் புறப்பாடு. உங்கள் அறையை ஒருநாள்கூடப் பயன்படுத்தாமல் போவதற்கு எனக்கும் வருத்தம்தான்.

அவளைக் கீழே வரச் சொல்லிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். இழுத்துக்கொண்டு வர எனக்கு மனமில்லை. பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டுமாம். "அதுதான் செல்லாதுல்ல" என்கிறாள்.

சாவியைக் கடைசி நாள் நானே வந்து தருகிறேன். அப்போது நீங்கள் ஏதும் சொல்ல வேண்டாம் அம்மா. சொன்னால் நான் அழுதுவிடுவேன், ரயிலுக்கு நேரமாகிவிடும்.

அன்புடன்,
மாடி வீட்டுப் பெண்


அக்டோபர் 14

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? மூட்டுவலி எப்படி இருக்கிறது? இத்தனை மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. வேலை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே ஓர் அறையில் இருக்கிறோம். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இப்போது அவர் பூட்ஸ் இருக்கிறது. தினமும் அவள் தடுக்கி விழுகிறாள், திட்டுகிறாள். அவர் நின்றுகொண்டுதான் டிராம் ஓட்டுகிறார். இதை உங்களிடம் எழுதச் சொன்னாள்.

எழுதக் காரணம் வேறு. அவள் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையும் அம்மாவுடைய நாட்டையோ அப்பாவுடைய நாட்டையோ வீட்டில் கையால் செய்துகொண்டு வர வேண்டும் என்றார்கள். "நான் அம்மா ஊரச் செய்வேன். எனக்குச் செய்யத் தெரியும்" என்றாள். உங்கள் பயிற்சி. பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு வீடு செய்தாள். கீழ் வீடு, படி, மாடியில் இரண்டு அறை, ஒன்றில் பூட்டு. வாசலில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு பொம்மை.

"மரம் வைடா, கடல் வைடா, சந்தை வைடா" என்று கெஞ்சினேன். "அதெல்லாம் எல்லா நாட்டுலயும் இருக்கும்மா" என்றாள். வகுப்பில் ஒரு பையன், "இது யாரு, ராணியா?" என்று கேட்டானாம். "இல்ல. அவங்க சரின்னு சொன்னாத்தான் உள்ள போகலாம்" என்றாளாம். அவள் அப்பா அங்கே வந்ததே இல்லை. நம் நாடு என்று அவர் கண்ணால் பார்த்திருப்பது இப்போது அந்த அட்டையைத்தான்.

மாற்றச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி செய்ய வேண்டும் என்று நீங்கள்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது, அதனால்தான். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாடி வீட்டுப் பெண்


கீழ் வீடு
நவம்பர் 2

அன்புள்ள பெண்ணுக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

வேலை சுத்தமாக இருக்கிறது. பசை எங்கும் வழியவில்லை. தொப்பியின் முன்னால் பித்தளை வில்லைகூட வைத்திருக்கிறாள். என் படி இடப்பக்கம் திரும்பும். அவள் வலப்பக்கம் திருப்பியிருக்கிறாள். போகட்டும். மாடி அறையில் பூட்டு வைத்திருப்பதும் சரி. அவள் என் மேஜைமுன் நின்ற அன்று அது பூட்டித்தான் இருந்தது.

மாடியை நான் இன்னும் வாடகைக்கு விடவில்லை. சனிக்கிழமைகளில் தையல்காரர் மகன் மட்டும் வந்து, "அடுத்த நாடு எது ஆபீசரம்மா?" என்று வாசலில் நிற்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுகிறேன். பாஸ்போர்ட் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நான் முத்திரை வைக்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கும்போது வைப்பது முறையல்ல.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மேஜைக்கு எதிரே அவள் நாற்காலி வைக்கவில்லை. அதுவும் சரிதான். அங்கே நாற்காலி இருக்கவில்லை. அவளை நான் நிற்கத்தான் வைத்தேன். அட்டை மீதம் இருந்தால், சின்னதாக ஒன்று வெட்டி அங்கே வைக்கச் சொல்கிறாயா? அது நடந்தபடி இருக்காது. தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஆபீசரம்மா